செவிலியர் பணிநலனும் அணிகருவிகளும்: காலடி எண்ணிக்கை காட்டுவதும் காட்டாததும்

ஆய்வுச் சுருக்கம்

உடலில் அணிந்துகொள்ளத்தக்க செயற்பாட்டு அளவீட்டுக் கருவிகள் (இனி, அணிகருவிகள்) பணியாளர் நலத்திட்டங்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அமர்ந்து பணிபுரிவோரை நடக்கச் செய்வதே இத்திட்டங்களின் பொதுநோக்கம். செவிலியரோ பணிநேரத்தின் பெரும்பகுதியை நடந்தும் நின்றும் நோயாளரைத் தூக்கியும் கழிப்பவர். அவர்களுக்கு இக்கருவி எவ்வகையில் உதவும், எவ்வகையில் உதவாது என்பதை வெளிவந்த ஆய்வு முடிவுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கருவியின் தொழில்நுட்பம், பத்தாயிரம் காலடி இலக்கின் தோற்றம், உடலியக்க முரண், இரவுப்பணி உறக்கம், தரவுரிமை ஆகியன ஆராயப்பெறுகின்றன. செவிலியரின் நடையைக் கூட்டுவதற்கன்றி, அவர்தம் ஓய்வைக் காக்கவும் பணிச்சூழலைத் திருத்தவுமே அணிகருவி பயன்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: செவிலியர், அணிகருவி, காலடி எண்ணிக்கை, உடலியக்க முரண், இரவுப்பணி, தரவுரிமை

முன்னுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டைச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 2.8 கோடிச் செவிலியர் பணியாற்றினர்; அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பிறர் நலம் காக்கும் இப்பெரும் பணிக்குழுவின் நலத்தைக் காப்பது எவ்வாறு என்னும் வினா நெடுநாளையது. முதுகுவலி, கால்வலி, உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியன இத்தொழிலோடு ஒட்டியவை.

மருத்துவ அறிவியல் செவிலியரின் உடலிலிருந்து கற்றதும் மிகுதி. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் 1,21,700 செவிலியரைக் கொண்டு தொடங்கிய செவிலியர் நலவாழ்வு ஆய்வு, உணவு, புகைப்பழக்கம், இரவுப்பணி முதலியவற்றிற்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பல்லாண்டுகளாக வெளிப்படுத்தி வந்துள்ளது. அவ்வாய்வு பெரிதும் வினாப்படிவங்களை நம்பி நடந்தது. இன்று அணிகருவி நாள்முழுவதும் இடைவிடாத அளவீட்டைத் தருகிறது. இவ்வளவீடு செவிலியருக்கு எத்தகைய நன்மையைத் தரும் என்பதை அறிய, கருவி எதனை அளக்கிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

1. அணிகருவி அளக்கும் முறை

பெரும்பாலான அணிகருவிகளின் அடிப்படை உறுப்பு முடுக்கமானி ஆகும். ஒன்றற்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் ஏற்படும் வேகமாற்றத்தை அது உணர்கிறது. நடக்கும்போது கையும் இடுப்பும் சீரான இடைவெளியில் அசைகின்றன. அச்சீர்மையைக் கணிமுறை ஒன்று அடையாளங்கண்டு காலடிகளாக எண்ணுகிறது. எனவே கருவி காலடியை நேரே காண்பதில்லை. அசைவின் ஒழுங்கிலிருந்து அதனை உய்த்துணர்கிறது.

நாடித்துடிப்பை அளக்கக் கருவியின் அடிப்புறத்தில் பச்சை ஒளி பயன்படுகிறது. குருதி பச்சை ஒளியை உட்கவர்வதால், ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பிவரும் ஒளியின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தின் வேகமே நாடித்துடிப்பாகக் கணிக்கப்படுகிறது. கையின் விரைவான அசைவு, தளர்ந்த பட்டை, வியர்வை, தோலின் நிறம் ஆகியன இவ்வளவீட்டைப் பாதிக்கக்கூடும்.

இவ்விரு முறைகளும் செவிலியர் பணியில் தனித்த இடர்ப்பாடுகளைச் சந்திக்கின்றன. மருந்து வண்டியையோ நோயாளர் கட்டிலையோ தள்ளிச் செல்லும்போது கைகள் பிடியில் நிலைத்திருப்பதால், மணிக்கட்டுக் கருவி காலடிகளைக் குறைத்து எண்ணுகிறது. மாறாக, நின்ற இடத்திலேயே கைகள் சீராக அசையுமாயின் நடவாத நடையும் கணக்கில் சேரலாம். படுக்கையில் உள்ள நோயாளரைப் புரட்டுதல், சக்கர நாற்காலிக்கு மாற்றுதல் போன்ற கடும் உழைப்போ காலடிக் கணக்கில் ஏறத்தாழ இடம்பெறுவதே இல்லை. அமெரிக்கத் தேசியப் பணிப்பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த தாமஸ் வாட்டர்ஸ், ஒரு செவிலியர் கையால் தாங்கத்தக்க நோயாளர் எடையின் மேல்வரம்பு ஏறத்தாழ 16 கிலோகிராம் என 2007இல் பரிந்துரைத்தார். வளர்ந்த ஒருவரைத் தனியே தூக்கும் எந்தச் செவிலியரும் இவ்வரம்பை எளிதில் கடந்துவிடுவார். அக்கணத்தில் கருவி காட்டும் காலடிகளோ இரண்டு அல்லது மூன்றாக இருக்கும். உடலை மிகுதியாக வருத்தும் வேலையே கருவியின் கண்ணுக்குப் புலப்படாத வேலையாக உள்ளமை இங்குச் சுட்டத்தக்கது.

2. மணிக்கட்டும் தொற்றுத் தடுப்பும்

அணிகருவிகளுள் பெரும்பாலானவை மணிக்கட்டில் அணியப்படுபவை. ஆனால் நோயாளரைத் தொட்டுப் பணிபுரிவோரின் மணிக்கட்டு வெறுமையாக இருத்தல் வேண்டும் என்பது பல மருத்துவமனைகளின் விதி. இங்கிலாந்தில் 2007இல் வெளியான சீருடை வழிகாட்டுதல், முழங்கைக்குக் கீழ் எதனையும் அணியாமை என்னும் நெறியை வலியுறுத்தியது. கைக்கடிகாரமும் காப்பும் கையை முழுமையாகக் கழுவ இடையூறாகின்றன என்பதே அதற்கான காரணம். செவிலியர் சீருடையின் மார்புப்புறத்தில் தலைகீழாகத் தொங்கும் சிறு கடிகாரத்தை அணிந்து, கைபடாமல் வினாடி முள்ளைப் பார்த்து நாடி எண்ணும் மரபும் இத்தேவைக்கு இசைவானதே.

எனவே செவிலியருக்கு மணிக்கட்டுப் பட்டை வழங்கும் திட்டம் தொற்றுத் தடுப்பு விதியோடு நேரடியாக மோதக்கூடும். இடுப்பில் செருகும் கருவி, சட்டைப்பையில் வைக்கும் கருவி, கணுக்காலில் அணியும் கருவி ஆகியன மாற்றுவழிகளாகும். இவற்றுள் இடுப்புக் கருவி வண்டி தள்ளும் நடையையும் ஓரளவு சரியாக எண்ணும். ஆயினும் தோலோடு ஒட்டாததால் நாடியையும் அதனைச் சார்ந்த உறக்கக் கணிப்புகளையும் அது தர இயலாது. கருவியைத் தெரிவுசெய்யும்போதே எதனை அளக்க விரும்புகிறோம் என்பதை முடிவுசெய்தாக வேண்டிய தேவை இதனால் எழுகிறது.

3. பத்தாயிரம் காலடி இலக்கின் தோற்றம்

அணிகருவிகள் பலவற்றில் முன்னமைவாக இடம்பெற்ற இலக்கு நாளொன்றுக்கு 10,000 காலடிகள் என்பதாகும். இவ்வெண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளையடுத்து, 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று ‘மான்போ-கெய்’ என்னும் நடைமானியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பத்தாயிரம் காலடி மானி என்பதே அப்பெயரின் பொருள். விற்பனைப் பெயராக அமைந்த எண் காலப்போக்கில் நலவாழ்வு விதியாக நிலைபெற்றது.

ஐ-மின் லீயும் அவர்தம் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, சராசரி 72 அகவையுடைய 16,741 அமெரிக்கப் பெண்களை முடுக்கமானி கொண்டு ஆராய்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 காலடிகள் நடந்தோரைவிட 4,400 காலடிகள் நடந்தோரிடம் இறப்பு வீதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 காலடிகளுக்கு மேல் அந்நன்மை மேலும் கூடவில்லை. அகவை முதிர்ந்தோர் பற்றிய இம்முடிவை இளஞ்செவிலியருக்கு அப்படியே பொருத்த இயலாதெனினும், பத்தாயிரம் என்பது கடந்தே தீரவேண்டிய எல்லை அன்று என்பதை இதனால் அறியலாம்.

செவிலியரைப் பொறுத்தவரை இவ்விலக்கின் குறை வேறொன்று. பணிமுறை ஒன்றிலேயே அவர்கள் அதன் பெரும்பகுதியைக் கடந்துவிடுவதுண்டு. ஆன் ஹென்ட்ரிச் தலைமையில் அமெரிக்காவின் 36 மருத்துவமனைகளில் 767 செவிலியரிடம் மேற்கொள்ளப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, பத்து மணிநேரப் பகற்பணியில் செவிலியர் 1 முதல் 5 மைல் வரை, அதாவது 1.6 முதல் 8 கிலோமீட்டர் வரை நடப்பதைக் கண்டறிந்தது. இத்தகைய பணியாளரிடம் இன்னும் நடக்குமாறு கூறும் கருவி அவரது நிலையை அறியாத கருவியாகும். சில கருவிகள் ஒரு மணிநேரத்தில் 250 காலடிகள் நடவாதவரை அதிர்வால் எழுப்பிவிடுகின்றன. பல மணிநேரம் நின்றபின் குறிப்பேடு எழுத அமரும் செவிலியரையும் அவ்வதிர்வு எழச்சொல்லும்.

4. உடலியக்க முரண்

செவிலியர் மிகுதியாக நடப்பதால் அவர்களது நலன் தானே உறுதிப்படும் எனக் கருதவும் இடமில்லை. ஓய்வுநேர உடலியக்கம் நன்மை பயக்க, பணிநேர உடலியக்கம் அந்நன்மையைத் தராமற்போவதும் சில வேளைகளில் தீங்காவதும் ‘உடலியக்க முரண்’ எனப்படுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தவர். கோபன்ஹேகன் பகுதியின் 1,04,046 மக்களைப் பற்றி அவர் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுநேர இயக்கம் மிக்கோரிடம் இறப்பு வீதம் குறைந்தும், பணிநேர இயக்கம் மிக்கோரிடம் அது கூடியும் காணப்பட்டது. பணிநேர இயக்கம் மிகக் குறைந்தோரோடு ஒப்பிடுகையில், அது மிகக் கூடியோரிடம் பெரும் இதய, குருதிநாள நிகழ்வுகளின் இடர் 35 விழுக்காடும் இறப்பின் இடர் 27 விழுக்காடும் மிகுந்திருந்தன.

இதற்குரிய காரணங்களாக ஹோல்டர்மன் குழுவினர் 2018இல் ஆறனை முன்வைத்தனர். அவை வருமாறு:

அ. பணிநேர இயக்கம் இதய வலிமையைக் கூட்டும் அளவிற்கு விரைவானதன்று. அல்லது அளவிறந்து நீள்கிறது.
ஆ. நாள்முழுவதற்குமான சராசரி இதயத்துடிப்பை அது உயர்த்துகிறது.
இ. தூக்குதலும் ஒரே நிலையில் நிற்றலும் குருதி அழுத்தத்தை உயர்த்துகின்றன.
ஈ. போதிய மீள்ஓய்வு கிடைப்பதில்லை.
உ. வேலையின் வேகத்தையும் முறையையும் பணியாளர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இயலுவதில்லை.
ஊ. உடலின் அழற்சி நிலை மிகுகிறது.

இம்முரண் எல்லா ஆய்வுகளிலும் ஒருபடித்தாகப் புலப்படவில்லை. நார்வேயில் 2021இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், உடலுழைப்பு மிக்க பணிகளைச் செய்த ஆண்களின் வாழ்நாள் குறையவில்லை; கூடியே இருந்தது. பெண்களிடம் அத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை. வருவாய், கல்வி, புகைப்பழக்கம் ஆகியவற்றின் தாக்கத்தை முழுமையாகப் பிரித்தறிவது கடினம் என்பதும் இவ்விவாதத்தில் எழுப்பப்படும் கருத்தாகும். ஆயினும் மேற்கண்ட ஆறு காரணங்களுள் ஓய்வின்மையும் தன்னுரிமையின்மையும் செவிலியர் பணியை நன்கு அறிந்தோர் எவரும் மறுக்க இயலாதவை. நோயாளரின் அழைப்பே செவிலியரின் நடையைத் தீர்மானிக்கிறது. பூங்காவில் விரும்பி நடக்கும் ஆயிரம் காலடிகளும், அழைப்பு மணிகளுக்கிடையே விரையும் ஆயிரம் காலடிகளும் கருவியில் ஒரே எண்ணாகத் தோன்றினும் உடலுக்கு அவை ஒன்றல்ல.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான இயக்கத்தையும், வாரத்தில் இரு நாள்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சியையும் மேற்கொள்ளப் பரிந்துரைக்கிறது. செவிலியருக்குக் குறைவாக அமைவன தொடர்ச்சியான விரைநடையும் தசைப்பயிற்சியும் மீள்ஓய்வுமே. மொத்தக் காலடி எண்ணிக்கை இம்மூன்றனுள் எதனையும் காட்டுவதில்லை.

5. இரவுப்பணியும் உறக்க அளவீடும்

செவிலியர் நலனில் உறக்கத்திற்குத் தனியிடம் உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடலின் நாட்சுழற்சியைக் குலைக்கும் பணிமுறையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்பு மிக்கது (2அ பிரிவு) என 2007இல் வகைப்படுத்தியது. 2019ஆம் ஆண்டு மீளாய்விலும் இரவுப்பணி அதே பிரிவில் நிலைநிறுத்தப்பட்டது. இவ்வகைப்பாடு சான்றின் தன்மையைக் குறிப்பதன்றி, இடரின் அளவைக் குறிப்பதன்று என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

உறக்கத்தை அணிகருவி பெரும்பாலும் அசைவின்மையிலிருந்தே கணிக்கிறது. எனவே உறங்கும் நேரத்தை உறக்கம் எனக் கண்டுகொள்வதில் அது திறன் மிக்கது. அசையாமல் விழித்திருக்கும் நேரத்தை விழிப்பு எனக் கண்டுகொள்வதில் திறன் குறைந்தது. இரவுப்பணி முடிந்து, பகலொளியிலும் வீட்டு ஓசையிலும் கண்மூடிப் படுத்தும் உறக்கம் வாராதிருக்கும் செவிலியரின் நேரம் உறக்கமாகப் பதிவாகக்கூடும். இரண்டு மூன்று துண்டுகளாகப் பகலில் பெறும் உறக்கம் முழுமையாகத் தொகுக்கப்படாமல் விடுபடுவதும் உண்டு.

இக்குறைகளுக்கிடையிலும் பயன் உண்டு. ஒருநாள் அளவீடு நம்பத்தக்கதன்றாயினும், பல வாரத் தொகுப்பு பணிமுறைகளுக்கிடையிலான வேறுபாட்டை வெளிப்படுத்தும். மாலைப்பணி முடிந்த மறுநாள் காலைப்பணி வருங்கால் உறக்கம் எவ்வளவு குறைகிறது என்பதைச் செவிலியர் தம் தரவைக் கொண்டே எடுத்துரைக்கலாம். அதேவேளை, எண்ணைப் பற்றிய கவலையே உறக்கத்தைக் கெடுக்கும் நிலையும் உள்ளது. 2017இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் அதற்கு ‘ஆர்த்தோசாம்னியா’ எனப் பெயரிட்டனர்.

6. தலையீடுகளின் பயன்

அணிகருவிகள் பயனற்றவை அல்ல. 2007இல் வெளியான திறனாய்வொன்று, நடைமானி அணிந்தோர் ஏனையோரைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 காலடிகள் மிகுதியாக நடந்ததைத் தொகுத்துக் காட்டியது. 2022இல் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட மற்றொரு தொகுப்பாய்வு, அணிகருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 காலடிகளைக் கூட்டுவதாகவும் உடல் எடையை ஒரு கிலோகிராம் அளவிற்குக் குறைப்பதாகவும் தெரிவித்தது.

ஆனால் பணியிடத்தில் நடந்த ஆய்வு எச்சரிக்கையும் தருகிறது. சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 பணியாளர் பங்கேற்ற ஆய்வு 2016இல் வெளியானது. கருவியோடு பணவூக்கமும் பெற்றோர் முதல் ஆறு மாதங்களில் மிகுதியாக இயங்கினர். ஊக்கம் நின்றபின் அம்மிகுதி நீடிக்கவில்லை. ஓராண்டின் முடிவில் கருவி பெற்றோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே அதனை அணிந்திருந்தனர். எடை, குருதி அழுத்தம் முதலியவற்றில் முன்னேற்றமும் தென்படவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 471 இளையோரிடம் நடந்த எடைக்குறைப்பு ஆய்வில், கருவி அணிந்தோர் இரண்டாண்டுகளில் சராசரியாக 3.5 கிலோகிராமும், கருவியின்றி வழக்கமான வழிகாட்டலைப் பெற்றோர் 5.9 கிலோகிராமும் குறைந்தனர். கருவியை வழங்குவதாலேயே நலம் விளையாது என்பதை இவை உணர்த்துகின்றன.

7. தரவு எவருக்குரியது

மருத்துவமனை நிர்வாகமே கருவியை வழங்கும்போது, அதன் தரவை எவர் காணலாம் என்னும் வினா எழுகிறது. நாடித்துடிப்பும் உறக்கமும் உடல்நலத் தரவுகள். காலடித் தடமோ செவிலியர் எங்கு, எப்போது, எவ்வளவு நேரம் நின்றார் என்பதை வெளிப்படுத்தும் பணித் தரவாகவும் மாறக்கூடும். நலத்திற்காகத் திரட்டியது கண்காணிப்பிற்குப் பயன்படுமாயின், செவிலியர் கருவியைக் கழற்றி வைப்பதே இயல்பு.

நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், பணியாளரின் அணிகருவி நலத் தரவுகளை நிறுவனங்கள் கையாள்வது ஏற்புடையதன்று என 2016இல் முடிவுசெய்தது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அறிவுரைக் குழுவும் 2017இல் இக்கருத்தை வலியுறுத்தியது. சம்பளம் வழங்குபவரிடம் பணியாளர் தரும் இசைவு உண்மையில் விருப்புரிமையுடன் தரப்பட்டதாகாது என்பதே அதன் அடிப்படை. இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் 7ஆம் பிரிவு வேலைவாய்ப்பு தொடர்பான சில நோக்கங்களுக்காகத் தனித்த இசைவின்றியும் தரவைக் கையாள இடந்தருகிறது. ஆகவே சட்டம் இடந்தருவதோடு நில்லாமல், திட்டத்தின் விதியிலேயே செவிலியரின் உரிமை எழுதப்பெறுதல் இன்றியமையாதது.

8. பணிச்சூழலைத் திருத்தும் அளவீடு

அளவீட்டைச் செவிலியர்மீது திருப்பாமல் பணிச்சூழல்மீது திருப்பும் மரபு இத்தொழிலுக்குப் புதியதன்று. 1853இல் இலண்டன் ஹார்லி தெரு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல், மாடிகளுக்கு வெந்நீர்க் குழாய், உணவை மேலேற்றும் தூக்கி, எந்த நோயாளர் அழைக்கிறார் எனக் காட்டும் மணி ஆகியவற்றைக் கோரினார். செவிலியர் மாடிப்படிகளில் வீணே ஓடாதிருத்தலே அவர் நோக்கம். செவிலியரின் கால்களை வலுப்படுத்துவதை விடுத்து, அக்கால்கள் வீணே நடக்க நேர்ந்த காரணங்களைக் களைய முற்பட்டார்.

முற்கூறிய ஹென்ட்ரிச் ஆய்வும் இவ்வழியினதே. ஆவணப்பதிவு, மருந்து வழங்கல், பராமரிப்பு ஒருங்கிணைப்பு ஆகிய மூன்றும் செவிலியர் நேரத்தின் பெரும்பகுதியைக் கொள்கின்றன என அது கண்டது. தொழில்நுட்பம், பணிமுறை, கூட அமைப்பு ஆகியவற்றைச் சீர்செய்ய வேண்டும் என முடிவுரைத்தது. மருந்தறை தொலைவில் இருப்பதால் நேரும் நடையையும், தூக்குகருவி இன்மையால் நேரும் தசைச் சுமையையும் எந்த நலப்போட்டியும் போக்காது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. அணிகருவி அசைவை அளக்கிறது. உழைப்பின் சுமையை அளப்பதில்லை. செவிலியரின் கடும் வேலைகள் காலடிக் கணக்கிற்குப் புறம்பானவை.

2. பத்தாயிரம் காலடி இலக்கையும் காலடிப் போட்டிகளையும் செவிலியருக்கு வகுத்தல் பொருந்தாது. தொடர்ச்சியான விரைநடை நிமிடங்கள், அமர்ந்து ஓய்ந்த நேரம், இரு பணிமுறைகளுக்கிடையே கிடைத்த உறக்கம் ஆகியவற்றை அளவுகோல்களாகக் கொள்ளுதல் தகும்.

3. மணிக்கட்டுக் கருவியை நோயாளர் பராமரிப்பின்போது தவிர்த்து, இடுப்பிலோ கணுக்காலிலோ அணிவன தெரிவுசெய்யப்பட வேண்டும்.

4. தனியாள் தரவு செவிலியருக்கே உரியது. நிர்வாகத்திற்குச் செல்வது பெயர் நீக்கிய கூட்டுத்தொகையாகவும், தனியொருவரை அடையாளங்காண இயலாத அளவிற்குப் பெருங்குழுவினதாகவும் இருத்தல் வேண்டும். பங்கேற்கவும் விலகவும் முழு உரிமை வேண்டும்.

5. கூட்டுத்தரவு கொணரும் முதல் மாற்றம் பணி அட்டவணையிலும் கூட அமைப்பிலும் தூக்குகருவிகளிலும் நிகழ வேண்டும்.

செவிலியரை இன்னும் நடக்கச் சொல்வதற்கு அணிகருவி தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கின்றனர். அவர்கள் எப்போது அமர முடிந்தது, எத்தனை மணிநேரம் உறங்க முடிந்தது என்பதை நிர்வாகம் கேட்கத் தொடங்குமாயின், அக்கேள்விக்குச் சான்றளிக்கும் கருவியாக அது பயன்தரும்.